ரேடாருக்குக் கீழே நான்கு கிலோமீட்டர்

(சேலத்தில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்குப் 'புயலைத் துரத்துகிறவர்கள்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சேலத்துக்காரர் யாரும் எதையும் துரத்த வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் மதியம் மூன்று மணிக்கு மொட்டை மாடி ஏறினால் போதும். வடக்கே சேர்வராயன், தெற்கே போதமலை, அதற்கும் அப்பால் கொல்லிமலை, கிழக்கே கல்வராயன் என்று சுற்றிலும் மலை. எங்கே முதலில் மேகம் கட்டுகிறது, எது பூத்து எழும்புகிறது, எது பாதியில் கலைகிறது என்பதெல்லாம் வெறுங்கண்ணுக்கே தெரியும். இப்படி நின்று பார்க்கிறவர்கள் இந்த மாவட்டங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது பொழுதுபோக்கு என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள், அவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது பொழுதுபோக்கு மட்டும் அல்ல என்று சொல்லத்தான் வந்தேன்.

முதலில் அமெரிக்காவுக்குப் போய்விட்டு ஊர் திரும்புகிறேன்.

2011 ஏப்ரல் 25 முதல் 28 வரை, நான்கே நாளில் அங்கே ஏறத்தாழ 360 டொர்னாடோக்கள், அதாவது தரையைத் தொடும் சுழற்காற்றுகள், இறங்கின. அதில் 200-க்கு மேற்பட்டவை 27-ஆம் தேதி ஒரே நாளில். இறந்தவர்கள் 300-க்கும் அதிகம். அலபாமா மாநிலத்தில் ஜேம்ஸ் ஸ்பான் என்ற தொலைக்காட்சி வானிலையாளர் அன்று நேரலையில் இருந்தார். உயரத்தில் பொருத்தியிருந்த கேமரா, டஸ்கலூசா நகரத்துக்குள் அந்தக் கறுப்புச் சுழல் நுழைவதை அப்படியே காட்டியது. ஒரே சுழல், ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நிலத்தைத் தொட்டபடி ஓடியது. அந்த நாட்டில் 160 அளவில் டாப்ளர் ரேடார்கள். அவற்றோடு, பயிற்சி பெற்ற தன்னார்வப் பார்வையாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலையோரங்களில் நின்று தகவல் சொல்கிறார்கள். 'ஸ்கைவார்ன்' என்ற பெயரில் 1970-களிலிருந்து நடக்கும் ஏற்பாடு இது. இத்தனையும் இருந்தும் அத்தனை சாவு. அதிகம் பேசப்படாத ஒரு காரணம், அன்று காலையில் அடித்த முதல் சுற்றுப் புயலிலேயே பல ஊர்களில் மின்சாரம் போய்விட்டது. எச்சரிக்கை வானொலி நிலையங்கள் சிலவும் ஓய்ந்துபோயின. மாலையில் பெரியது வந்தபோது செய்தி எட்டாத வீடுகள் இருந்தன.

நம் துணைக்கண்டத்துக்கும் டொர்னாடோ புதிதல்ல. உலகிலேயே அதிக உயிர்களைக் குடித்ததாகக் கருதப்படுவது அமெரிக்காவில் வந்ததே அல்ல. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தவுலத்பூர், சதூரியா வட்டாரத்தில் வந்தது அது. சுமார் 1,300 பேர் இறந்ததாகக் கணக்கு. 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில் மைனாகுரிப் பக்கம் ஒன்று வீடுகளைப் பிய்த்துப் போட்டது.

தமிழ்நாட்டில் நமக்கு ஏன் அப்படி வருவதில்லை? சுழல் உண்டாக, தரைமட்டத்தில் ஒரு திசைக் காற்றும் மேலே வேறு திசையில் பலத்த காற்றும் வேண்டும். அந்த முரண்பாடுதான் எழும்பும் மேகத்தை முறுக்குகிறது. நம் அட்சரேகையில் கோடைக்காலத்தில் மேல்காற்றுக்கு அவ்வளவு வேகம் இல்லை. மேகம் நேராக எழும்பும், பதினைந்து கிலோமீட்டர் உயரம்கூடப் போகும், பிறகு தன் பாரத்தைத் தன் தலைமேலேயே கொட்டிக்கொண்டு ஓய்ந்துவிடும். அதனால் சுழல் நமக்கு மிக அரிது. அந்த மேகம் சரியும்போது வரும் காற்று அரிதல்ல. நம் ஊர்க் கதை அங்கேதான் தொடங்குகிறது.

கோடையில் மகாராஷ்டிரத்திலிருந்து கர்நாடகத்தின் உட்பகுதி வழியாகத் தமிழகத்தின் உள்மாவட்டங்கள் வரை ஒரு கோடு இறங்கி நிற்கும். கிழக்கே வங்கக்கடல் ஈரம், மேற்கே வறண்ட காற்று, இரண்டும் முட்டிக்கொள்ளும் கோடு. செய்தி அறிக்கையில் 'காற்று திசை மாறுபடும் பகுதி' என்று வரும். சேலம், நாமக்கல் என்ற நம் இரண்டு மாவட்டங்களும் பெரும்பாலும் அதன் மேலோ பக்கத்திலோ இருக்கின்றன. காலையிலிருந்து வெயில் தரையைக் காய்ச்சுகிறது. மலைச் சரிவு முதலில் சூடாகிறது. ஏற்காடு கடல்மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டர் என்றால் சேலம் 280 மீட்டர்தான். அந்தச் சரிவில் காற்று ஏறத் தொடங்குகிறது. சென்னை வானிலை மையத்தில் இருந்த ரமணன் காலத்திலிருந்து நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் 'வெப்பச்சலனம்' இதுதான்.

இதோடு இன்னொரு சொல்லும் நமக்கு மனப்பாடம்: 'ஓரிரு இடங்களில்'. அதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. அது மழுப்பல் இல்லை, அளவுள்ள சொல். ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்கு வரை மழை பதிவாகலாம் என்றால் 'ஓரிரு இடங்கள்'. பாதி வரை போனால் 'சில இடங்கள்', முக்கால் வரை 'பல இடங்கள்', அதற்கும் மேல் 'பெரும்பாலான இடங்கள்'. ஆகவே அறிக்கை சரியாகவே சொல்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்த ஓரிரு இடங்களில் நம் இடம் உண்டா என்று அது சொல்வதில்லை. சொல்லவும் முடியாது.

ராசிபுரத்துப் பக்கம் ஒரு சேகோ ஆலைக்காரர் எனக்குப் பழக்கம். கோடை வந்தால் மதியத்துக்கு மேல் அவரிடமிருந்து போன் வரும். "ஏனுங்க, இன்னைக்கு மழை வருங்களா? களத்துல பூராவும் காயுது" என்பார். அவருக்கு நாமக்கல் மாவட்டத்து மழை தேவையில்லை, ஏன், ராசிபுரத்து மழைகூடத் தேவையில்லை. அந்த சிமென்ட் களத்தில் அடுத்த ஒரு மணி நேரத்தில் நனையுமா, நனையாதா என்பதுதான் கேள்வி. மரவள்ளி மாவைத் திரட்டி, வறுத்து, வெயிலில் பரப்பிவிட்ட ஜவ்வரிசி நனைந்தால் அன்றைய உழைப்பு போச்சு. தார்ப்பாயை இழுத்து மூட பத்துப் பதினைந்து நிமிஷம் பிடிக்கும். சும்மா மூடினால் அரை நாள் வெயில் போய்விடும்.

நான் என்ன சொன்னாலும் அவர் கேட்டுக்கொள்வார். ஆனால் போனை வைத்தவுடன் நாமகிரிப்பேட்டையில் இருக்கும் தன் மச்சானைக் கூப்பிடுவார். மழை வருதா என்று கேட்க மாட்டார். "மச்சான், அங்க காத்து சில்லுனு திரும்பிருச்சா?" என்பார். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான கேள்வி என்று பாருங்கள். மேகத்திலிருந்து விழும் மழையில் ஒரு பகுதி வறண்ட காற்றில் ஆவியாகி, அந்தக் காற்றைக் குளிரவைத்து, எடை கூட்டிக் கீழே தள்ளுகிறது. தரையில் மோதியதும் அது நாலாபுறமும் ஓடுகிறது. மழைக்கு முன்னால் வரும் அந்த முதல் குளிர்காற்றுத்தான் படையின் முன்னணி. அது மணிக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும். நாமகிரிப்பேட்டை ராசிபுரத்துக்குக் கிழக்கே பத்துக் கிலோமீட்டர். மச்சான் "ஆமா, திரும்பிருச்சு" என்றால் பதினைந்து இருபது நிமிஷம் கையில் இருக்கிறது. தார்ப்பாய்க்கு அது போதும். மேகம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் அந்த மச்சானால் பயன் இல்லை, அதற்கு ஆட்டையாம்பட்டியில் வேறொருவர் இருக்கிறார்!

கைபேசியில் ரேடார் படம் வருகிறதே, மச்சான் எதற்கு என்று கேட்கலாம். சேலத்துக்கு அருகிலுள்ள கடலோர டாப்ளர் ரேடார் காரைக்காலில் இருக்கிறது. நேர்கோட்டில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சென்னை ரேடாருக்கு நாம் 280 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். ரேடார் தன் கற்றையைத் தரையோடு தரையாக அனுப்புவதில்லை, குறைந்தது அரை டிகிரியாவது மேலே தூக்கி அனுப்புகிறது. கற்றை ஏறக்குறைய நேராகப் போகிறது, பூமியோ கீழே வளைந்துகொண்டே போகிறது. கணக்குப் போட்டால், காரைக்காலிலிருந்து கிளம்பிய கற்றை சேலத்துக்கு வரும்போது நம் தலைக்கு மேல் நான்கு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகத்தின் மேல்பாதி தெரிகிறது. மழை தரையைத் தொடுகிறதா, வழியிலேயே ஆவியாகிறதா, குளிர்காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது, ஆலங்கட்டி கரைந்ததா, கட்டியாகவே விழுந்ததா, இவை எல்லாம் அந்தக் கற்றைக்குக் கீழே நடக்கின்றன. ஜவ்வரிசிக் களமும் கோழிப்பண்ணையும் வாழைத்தோப்பும் இருப்பதும் அங்கேதான். இன்சாட் செயற்கைக்கோள் படத்தில் மேக உச்சி மட்டுமே. ஆக, இந்த நான்கு கிலோமீட்டருக்கு இன்றைக்கு இருக்கும் முக்கியமான கருவி, மொட்டை மாடியில் நிற்கும் மனிதர்தான்.

மனிதர் பார்ப்பது வேறு, கணிப்பது வேறு. நம் ஆர்வலர்களில் பலர் இரண்டாவதுக்குத் தாவிவிடுகிறார்கள். அதைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு, கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1884-இல் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவில் ஜான் ஃபின்லி என்பவர் டொர்னாடோ வருமா வராதா என்று முன்னறிவித்துப் பார்த்தார். கெட்டிக்காரர், உழைப்பாளி. நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான தன்னார்வத் தகவலாளர்களைச் சேர்த்தவரும் அவர்தான். மொத்தம் 2,803 கணிப்புகள். 'வரும்' என்று சொன்னது 100 முறை. அதில் 28 முறை வந்தது, 72 முறை வரவில்லை. 'வராது' என்று சொல்லி வந்துவிட்டது 23 முறை. 'வராது' என்று சொல்லி வராமலே போனது 2,680 முறை. கூட்டிப் பார்த்து, நூற்றுக்கு 96.6 சரி என்று அறிவித்துவிட்டார். கில்பர்ட் என்ற நிலவியல் அறிஞர் அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஒருவர் மேகத்தையே பார்க்காமல், 2,803 முறையும் 'வராது' என்றே சொல்லியிருந்தால் அவருக்கு நூற்றுக்கு 98.2 கிடைத்திருக்கும் என்று காட்டினார்.

இதை நாமக்கல்லுக்குக் கொண்டுவாருங்கள். ஏப்ரல் மாதம் முழுக்க, ஒரு குறிப்பிட்ட ஊருக்கு "இன்று மழை இல்லை" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தால் பெரும்பாலான நாள் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். மறுபக்கம், "சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர், தருமபுரி மாவட்டங்களில் ஆங்காங்கே இடியுடன் மழை" என்று தினமும் சொன்னாலும் ஜெயிப்பீர்கள், எங்கேயாவது பெய்திருக்கும். இரண்டிலும் திறமை இல்லை. ஒருவரை எடைபோட வேண்டுமானால், 'வரும்' என்றவற்றில் எத்தனை வந்தன, வந்தவற்றில் எத்தனையை அவர் முன்கூட்டிச் சொன்னார் என்ற இரண்டையும் கேளுங்கள். "நான் நேற்றே சொன்னேன்" என்பது கணக்கில் சேராது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே 1880-களில் அமெரிக்க அரசு, மக்கள் பீதியடைவார்கள் என்று அஞ்சி, முன்னறிவிப்பில் டொர்னாடோ என்ற சொல்லையே தடை செய்தது. பல பத்தாண்டுகள் அந்த நிலை நீடித்தது. 1948 மார்ச் 25-இல் ஓக்லஹோமாவில் ஒரு விமானப்படைத் தளத்தில் ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு அதிகாரிகள் துணிந்து எச்சரித்தார்கள். ஐந்து நாள் முன்பு அதே தளத்தில் ஒன்று அடித்திருந்தது. அன்றும் வந்தது. விமானங்களை முன்னதாகவே பத்திரப்படுத்தியிருந்தார்கள். எச்சரித்தால் மக்கள் கலங்குவார்கள் என்று அதிகாரிகள் அஞ்சுவது எல்லா நாட்டிலும் உண்டு. எச்சரிக்காத இடத்தில் வதந்திதான் முதலில் போய் உட்காரும். 2015 டிசம்பரில் சென்னை மிதந்தபோது 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜானின் பதிவுகளை லட்சக்கணக்கானோர் தேடிப் படித்ததற்குக் காரணம், அவர் பயமுறுத்தாமல், எண்களோடு, தமிழும் ஆங்கிலமுமாக, சாதாரண மனிதருக்குப் புரியும்படி பேசியதுதான். டெல்டாவில் மன்னார்குடி ஆசிரியர் செல்வகுமாரின் குரலுக்கு விவசாயிகள் காத்திருப்பதும் அதே மாதிரித்தான்.

ஆனால் வடகிழக்குப் பருவத்தின் புயலும் கோடை இடிமழையும் ஒன்றல்ல. ஃபெஞ்சல் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்றது. மயிலத்திலும் புதுச்சேரியிலும் அரை மீட்டர் அளவுக்கு மழை. எல்லார் கண்ணும் அங்கே இருந்தது. பிறகு வலுவிழந்து மெல்ல மேற்கே உள்நாட்டுக்குள் வந்தது. டிசம்பர் 2 காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்தபோது, கடலிலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கும் ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர். அரூரில் 33. ஊத்தங்கரையில் ஏரித் தண்ணீர் சாலைக்கு வந்து, நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் தள்ளிக்கொண்டு போனதை நீங்கள் எல்லாரும் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. இங்கே திருமணிமுத்தாற்றில் வெள்ளம். 'புயல் வலுவிழந்தது' என்ற வரியைக் கேட்டு நாம் நிம்மதியாகிவிடுகிறோம். வலுவிழப்பது காற்றுதான், மழை இல்லை. இருந்தாலும் அது பல மணி நேரம் பெய்த மழை, பார்க்க அவகாசம் இருந்தது. கோடை இடிமேகத்தின் ஆயுள் ஒன்றிரண்டு மணி நேரம். நுங்கம்பாக்கம் வானிலை மையத்திலிருந்து 'அடுத்த மூன்று மணி நேரத்தில்' என்று அறிக்கை வந்து நம் கைக்குச் சேருவதற்குள் அது பெய்து முடித்திருக்கலாம்.

அதனால் பார்த்ததை உடனே சொல்வது முக்கியம். பெய்து முடித்த பிறகு பார்ப்பதும் அதே அளவுக்கு முக்கியம். மோகனூர், பரமத்திவேலூர்ப் பக்கம் காவிரிக் கரையில் பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லித் தோப்புகள் இருக்கின்றன. குலை தள்ளிய மரத்துக்குச் சவுக்குக் கழியில் முட்டுக் கொடுத்திருப்பார்கள். கோடைக் காற்று ஒரு தடவை அடித்தால் முட்டோடு சாயும். மறுநாள் செய்தித்தாளில் 'சூறாவளிக் காற்றில் வாழைகள் சேதம்' என்று வரும். வந்தது என்ன காற்று என்று யாரும் கேட்பதில்லை.

அதைக் கேட்டவர் ஒருவர் இருந்தார். டெட்சுயா ஃபுஜிதா என்ற ஜப்பானியர், பிறகு சிகாகோவில் பேராசிரியர். 1945-இல் அணுகுண்டு விழுந்த நாகசாகியில் மரங்கள் எந்தத் திசையில் சாய்ந்திருந்தன என்று பார்த்தவர். 1974 ஏப்ரலில் அமெரிக்காவை 148 டொர்னாடோக்கள் தாக்கியபின் விமானத்திலிருந்து சேதத்தைப் பார்த்தார். சில இடங்களில் மரங்கள் சுழன்று விழவில்லை, ஒரு புள்ளியிலிருந்து நாலாபுறமும் வெளியே பார்த்து விழுந்திருந்தன. 1975 ஜூனில் நியூயார்க்கில் தரையிறங்கும்போது ஒரு விமானம் விழுந்தது. அதை ஆராய்ந்தபோது, மேலிருந்து குத்தென்று இறங்கித் தரையில் சிதறும் காற்று என்ற விடைக்கு வந்தார். முதலில் பலரும் நம்பவில்லை. இன்று உலகின் எல்லா விமானிகளும் அதைப் படிக்கிறார்கள்.

நம் வாழைத்தோப்பிலும் அதைப் படிக்கலாம். மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகவோ விசிறி மாதிரி விரிந்தோ சாய்ந்திருந்தால் அது மேகத்திலிருந்து இறங்கிய காற்று. நம் ஊரில் கிட்டத்தட்ட எப்போதும் அதுதான். குறுகலான ஒரு தடத்தில், இரு ஓரத்து மரங்களும் உள்பக்கம் பார்த்து ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால் அது வேறு சங்கதி. உடனே படம் எடுத்து வையுங்கள். வாழை வைத்தவர் அடுத்த நாளே வெட்டி ஒதுக்கிவிடுவார், அவருக்கு வேறு வழியில்லை. நஷ்ட ஈட்டுக்கு வருகிற அதிகாரி மரத்தை எண்ணுவார், திசையைக் குறிக்க மாட்டார். அவர்மேல் குற்றமில்லை, படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை.

கோழிப்பண்ணைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்கு மழையைவிட மழைக்கு முந்தைய புழுக்கம்தான் எதிரி. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வெளியிடும் வானிலைக் குறிப்பில் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றோடு கோழிக்கு என்ன தீவனம், எப்போது தண்ணீர் என்ற யோசனையும் சேர்ந்து வரும். வானிலையைப் பயன்படுத்துகிறவர் கண்ணால் பார்த்து எழுதினால் இப்படித்தான் இருக்கும். நாட்டில் இன்னும் பல இடங்கள் இதைப் பார்த்துக் கற்கலாம்.

இளைஞர்களுக்கு ஒன்று. பைக்கில் போய் மின்னலைப் படம் எடுக்கிறீர்கள், நானும் பார்த்து ரசிக்கிறேன். 2013 மே 31-இல் ஓக்லஹோமாவின் எல் ரெனோவில் நான்கு கிலோமீட்டருக்கு மேல் அகலமான ஒரு சுழல் வந்தது. டிம் சமாராஸ் என்ற ஆய்வாளர், அவர் மகன் பால், சகா கார்ல் யங் மூவரும் காரோடு மாட்டி இறந்தார்கள். விளம்பரத்துக்காக ஓடியவர் அல்ல, அத்துறையில் மிகவும் எச்சரிக்கையானவர் என்று பெயரெடுத்தவர் சமாராஸ். இந்தியாவில் மின்னல் மட்டும் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொல்கிறது. மொட்டை மாடியில் நிற்கச் சொன்னது மேகம் தூரத்தில் இருக்கும்போது. வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் இறங்கி வீட்டுக்குள் போய்விடுங்கள். புளியமரத்தடி வேண்டவே வேண்டாம்.

ஏற்காட்டிலும் இராமநாதபுரத்திலும் டாப்ளர் ரேடார் அமைப்பதாக மாநில அரசு அறிவித்திருக்கிறது. ஏற்காட்டு ரேடார் வந்தால் நம் நான்கு கிலோமீட்டர் இருட்டு பெருமளவு விலகும். ஆனால் ஏற்காட்டு உச்சி சேலத்தைவிட 1,200 மீட்டர் உயரம். அங்கிருந்து கிளம்பும் கற்றை, கிளம்பும்போதே நம் தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்கு மேலே இருக்கும். அதற்குக் கீழே இருப்பதை அப்போதும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சொல்லும்போது இதை மட்டும் சொல்லுங்கள்: எந்த ஊர், எத்தனை மணிக்குக் காற்று திரும்பியது, எந்தத் திசையிலிருந்து, எத்தனை மணிக்கு முதல் சொட்டு. ஆலங்கட்டி விழுந்தால் 'பெருசு பெருசா' என்று எழுதாதீர்கள். பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து, கரைவதற்குள் படம் எடுத்து, நேரத்தோடு அனுப்புங்கள்.